பிறையில் ஓர் ஆயாவும் ஐந்து வீட்டுச் சம்பளமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

2025 செப்டம்பர் 22, திங்கட்கிழமை. விடியற்காலை ஐந்தே கால் மணிக்கு, மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறை நகரில் நாங்கள் குடியிருக்கும் மலிவு விலை அடுக்குமாடியின் மூன்றாம் மாடிப் படிக்கட்டில், குப்பையைக் கீழே கொண்டுபோன பெண்மணி ஒருவர் ஈரத்தில் வழுக்கி விழுந்தார். அவருக்கு 61 வயது. வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளைத் தம் வீட்டில் பார்த்துக்கொள்ளும் அவர், அடுக்குமாடியில் எல்லாருக்கும் ஆயாதான். கணுக்கால் எலும்பில் விரிசல் என்றும் மூன்று வாரம் காலை ஊன்றக் கூடாது என்றும் மருத்துவமனையில் சொல்லிக் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். அன்று ஐந்தே முக்கால் மணிக்கு முதல் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் வீட்டு வாசலுக்கு வந்த தாய் பூட்டிய கதவைத்தான் பார்த்தார். கீழே தொழிற்சாலைப் பஸ் வந்து நின்றது. ஏற வேண்டியவர் ஏறாததால் ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது.

அடுத்த மூன்று வாரத்தில் ஐந்து வீடுகளில் நடந்ததை எழுதி வைப்பதே இந்த ஆய்வின் நோக்கம். சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் 28 ஆண்டுகள் கணக்கராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது குடியிருப்பாளர் சங்கத்தின் கணக்கை எழுதி வருகிறேன். ஆயா எழுந்து நடக்கத் தொடங்கிய பிறகு, அந்த ஐந்து குடும்பங்களிடமும் சம்பளச் சீட்டுகளை வாங்கிப் பார்த்து, நாள்வாரியாக என்ன நடந்தது என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். பெயர்களைப் போட வேண்டாம் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் போடவில்லை. ஐந்து வீட்டை வைத்து ஒரு நாட்டின் நிலையை அளந்துவிட முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் குழந்தைப் பராமரிப்பின் பொருளாதார மதிப்பு என்று பொதுவாகப் பேசப்படுவது எங்கே, யாருடைய பையில், எந்தத் தேதியில் கூடுகிறது அல்லது குறைகிறது என்பதை இவ்வளவு அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு எல்லாருக்கும் கிடைப்பதில்லை.

ஆயாவின் வேலையும் கூலியும்

விழுவதற்கு முன்பு அவரிடம் ஆறு பிள்ளைகள் இருந்தார்கள். எட்டு மாதக் குழந்தை ஒன்று, மற்றவர்கள் ஒன்றரை வயது முதல் மூன்றரை வயது வரை. ஒரு பிள்ளைக்கு மாதம் 350 ரிங்கிட் என்று மொத்தம் 2,100 ரிங்கிட் வரும். பால் மாவும் பேம்பர்ஸும் பெற்றோர் கொண்டு வருவார்கள். சோறு, காய்கறி, பழம், கேஸ், தண்ணீர், மின்சாரம், சோப்பு எல்லாம் ஆயாவின் செலவு. அதற்கு ஏறக்குறைய 500 ரிங்கிட் போய்விடும். மீதி 1,600.

கதவு திறப்பது காலை ஐந்தே முக்காலுக்கு. கடைசிப் பிள்ளை வீட்டுக்குப் போகும்போது சில நாள் இரவு எட்டாகிவிடும். ஷிஃப்ட் மாறுவதால் ஒரு நாள் போல் இன்னொரு நாள் இருப்பதில்லை என்றாலும், சராசரியாக நாளுக்கு 13 மணி நேரம், மாதத்தில் 26 நாள் என்று வைத்தால் 338 மணி நேரம் ஆகிறது. அப்படியானால் அவருடைய கூலி மணிக்கு 4 ரிங்கிட் 73 சென். 2025இல் நடப்புக்கு வந்த 1,700 ரிங்கிட் குறைந்தபட்ச மாதச் சம்பளத்தை மணிக் கணக்கில் பார்த்தால் 8 ரிங்கிட் 72 சென் வரும். கடையில் சாமான் அடுக்குபவருக்குச் சட்டம் உறுதி செய்திருக்கும் கூலியில் பாதியைச் சற்றுத்தான் தாண்டுகிறது ஆறு உயிர்களைப் பார்த்துக்கொள்பவரின் கூலி.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1984ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டத்தின்படி, ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த, நான்கு வயதுக்குட்பட்ட நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளைக் கட்டணத்துக்குப் பார்த்துக்கொள்ளும் எந்த இடமும் சமூக நல இலாகாவில் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஆயா பதிவு செய்திருக்கவில்லை. பெற்றோருக்கு அது தெரியும், சங்கத்துக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பதிவு கேட்டால் அவர் பயந்து நிறுத்திவிடுவார் என்றே எல்லாரும் வாய் திறக்காமல் இருந்தோம். அது தவறு என்பதை இப்போது உணர்கிறேன்.

மூன்று வாரம்

முதல் வீட்டுத் தாய், பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸில் உள்ள மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் 12 மணி நேர ஷிஃப்ட் பார்ப்பவர். ஆறு பிள்ளைகளில் இரண்டு அவருடையவை. எட்டு மாதக் குழந்தையும் அவருடையதுதான். மீதமிருந்த 5 நாள் ஆண்டு விடுப்பு முதல் வாரத்திலேயே தீர்ந்தது. அதன் பிறகு 6 நாள் சம்பளமில்லா விடுப்பு. மற்ற நாட்களில் கணவர் விடுப்பு எடுத்தார். முழு வருகைக்குத் தரும் படி அந்த மாதம் இல்லை, ஓவர்டைமும் இல்லை. மொத்த இழப்பு 920 ரிங்கிட். தீபாவளி அக்டோபர் 20ஆம் தேதி. அந்த ஓவர்டைம் பணத்தில்தான் பிள்ளைகளுக்குத் துணி எடுப்பதாக இருந்தார்.

இரண்டாவது வீட்டுத் தாய் மருத்துவமனையில் ஒப்பந்தத் துப்புரவு வேலை செய்பவர். சேர்ந்து ஐந்து மாதமே ஆகியிருந்தது. இரண்டு நாள் வரவில்லை என்றபோது மேற்பார்வையாளர் பொறுத்துக்கொண்டார். இரண்டாவது வாரத்தின் நடுவில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். மூன்று வாரத்தின் 18 வேலை நாளுக்குரிய சம்பளம் 1,177 ரிங்கிட் போனது. அதன் பிறகு வேலையே போனது.

மூன்றாவது வீட்டில் தாய் பேரங்காடியில் காசாளர்; கணவருக்கு இரவு ஷிஃப்ட். மனைவி பகலில் வேலைக்குப் போக, இரவு முழுதும் விழித்து வந்த கணவர் பகலில் பிள்ளையைப் பார்த்தார். காசைப் பொறுத்தவரை இழப்பு குறைவு, 280 ரிங்கிட் ஓவர்டைம் மட்டும். ஆனால் பன்னிரண்டாம் நாள் காலை வேலை முடிந்து வரும்போது கண் அசந்து மோட்டார் சைக்கிளோடு சாலையோரத்தில் விழுந்தார். முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. இதற்கு என் கணக்கில் எந்தத் தொகையும் போடவில்லை, போடவும் தெரியவில்லை.

நான்காவது வீடு மனைவியை இழந்த ஒரு லாரி ஓட்டுநருடையது. பட்டர்வொர்த் துறைமுகத்திலிருந்து வெளியூருக்குக் கொள்கலன் ஏற்றிச் செல்பவர். வெளியூர்ப் பயணங்களை விட்டுக்கொடுத்ததால் 600 ரிங்கிட் பயணப் படி போயிற்று. உள்ளூர் ஓட்டம் இருந்த நாட்களில் மூன்றரை வயது மகனை அண்ணன் மகளிடம் விட்டுவிட்டுப் போனார். அந்தப் பெண்ணுக்கு வயது பதினொன்று. தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். ஒன்பது நாள் அவள் பள்ளிக்குப் போகவில்லை. ஆசிரியர் கேட்டதற்குக் காய்ச்சல் என்று கடிதம் போயிற்று. நான் கேட்டபோது, "தம்பிக்குச் சோறு ஊட்டினேன் அத்தை, கணக்குதான் விட்டுப்போச்சு" என்றாள்.

ஐந்தாவது வீட்டுத் தாய் ஒரு தமிழ்ப் பாலர் பள்ளியில் உதவி ஆசிரியை. தம் பிள்ளையை வகுப்புக்கே தூக்கிக்கொண்டு போனார். அங்கே நல்ல மனதோடு அனுமதித்தார்கள். சம்பள இழப்பு இல்லை. ஆனால் ஒன்றரை வயதுப் பிள்ளை காலைக் கட்டிக்கொண்டிருக்கும்போது பதினைந்து பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுப்பது எப்படி இருந்திருக்கும் என்பதை ஆசிரியர் வேலை பார்த்தவர்கள் அறிவார்கள். எங்கள் படிக்கட்டில் ஒருவர் விழுந்ததற்கு, எங்களை அறியாத பதினைந்து வீட்டுப் பிள்ளைகளின் பாடம் குறைந்தது.

நான்கு வீடுகளின் இழப்பைக் கூட்டினால் 2,977 ரிங்கிட். அதே 18 நாளுக்கு ஆறு பிள்ளைகளுக்குமாக ஆயாவுக்குக் கொடுத்திருக்க வேண்டிய கட்டணம் ஏறக்குறைய 1,454 ரிங்கிட். அவர் வேலையின் விலை என்று நாங்கள் கொடுத்து வந்ததைப் போல் இரு மடங்குக்கும் மேல், அவர் இல்லாததால் மட்டும் போயிருக்கிறது. ஒன்பது நாள் பள்ளியும் ஒரு விபத்தும் ஒரு வேலையும் இந்தத் தொகைக்கு வெளியே நிற்கின்றன.

வேறொரு பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். ஆயாவின் கதவு திறந்திருப்பதை நம்பி வேலைக்குப் போகும் ஐந்து பேரின் மாதச் சம்பளம் 2,300, 1,700, 1,850, 2,700, 1,700 என்று மொத்தம் 10,250 ரிங்கிட். ஊழியர் சேமநிதியில் தொழிலாளியின் 11 விழுக்காடும் முதலாளியின் 13 விழுக்காடும் சேர்த்து மாதம் 2,460 ரிங்கிட் சேருகிறது. ஆயா இல்லையென்றால் இவ்வளவும் நின்றுவிடும் என்று நான் வாதாடவில்லை. சிலர் வேறு வழி கண்டுபிடிப்பார்கள், கண்டுபிடித்தார்கள். ஆனால் அந்தச் சம்பளத்தில் பெரும்பகுதி எங்கள் வட்டாரத்திலேயே செலவாகிறது. கீழ்த்தளத்தில் நாசி லெமாக் விற்பவர் அந்த மூன்று வாரத்தில் வியாபாரம் மந்தமாக இருந்தது என்று தாமாகவே என்னிடம் சொன்னார். காரணம் அவருக்குத் தெரியாது.

தோட்டம் எடுத்ததும் தொழிற்சாலை எடுத்ததும்

ஆயா பிறந்தது நிபோங் திபால் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அவருடைய தாயார் அந்தத் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் வேலை பார்த்தவர். நானும் தோட்டத்தில் பிறந்தவள்தான். என் அம்மா பெரட்டுக்கு (விடிகாலை ஆள் கணக்கெடுப்புக்கு) போகும் முன்பு இருட்டோடு என்னைக் கொண்டுபோய் விட்ட கொட்டகை இன்னும் நினைவில் இருக்கிறது. பலகைச் சுவர், வரிசையாகத் தொங்கும் சாரோங் தூளிகள், ஒரு தூளியை ஆட்டினால் கயிறு வழியாகப் பக்கத்துத் தூளியும் லேசாக ஆடும். எனாமல் குவளையில் பால். அம்மா மரம் வெட்டி (ரப்பர் மரப் பட்டையைச் சீவி), பால் எடுத்து, ஸ்டோரில் கொடுத்துவிட்டு வரும்போது கையில் ரப்பர்ப் பால் காய்ந்து ஒட்டியிருக்கும்.

அந்தக் கொட்டகையை ஒரு பொற்காலமாக்கிப் பேச எனக்கு விருப்பமில்லை. இருபது முப்பது பிள்ளைகளுக்கு ஒன்றிரண்டு ஆயாக்கள். பிள்ளைகளை விழாமல், பசியாமல் பார்த்துக்கொண்டார்கள். அதற்கு மேல் ஒன்றுமில்லை. தோட்ட நிர்வாகமும் எங்கள் எதிர்காலத்தை எண்ணி அதைக் கட்டவில்லை. தாய் மரம் வெட்டப் போக வேண்டுமென்றால் பிள்ளையை யாராவது பார்க்க வேண்டும் என்ற கணக்கு அது. ஆனால் அந்தக் கணக்கு நிர்வாகத்தின் புத்தகத்தில் இருந்தது. ஆயாவின் கூலி ரப்பர் உற்பத்திச் செலவில் ஒரு பகுதியாக இருந்தது. 1990ஆம் ஆண்டில் வந்த தொழிலாளர் குடியிருப்பு, வசதிகள் பற்றிய குறைந்தபட்சத் தரச் சட்டமும் தோட்டங்களில் குழந்தைக் காப்பகம் அமைப்பதை முதலாளியின் கடமைகளில் ஒன்றாக வைத்தது.

தொழிற்சாலையின் கதை வேறு. பாயான் லெப்பாஸ் தடையற்ற வர்த்தக மண்டலம் 1972இல் தொடங்கியது. இன்டல் அதே ஆண்டில் வந்தது. கம்பம் எனப்படும் கிராமங்களிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் அதிகமாக அங்கே போனவர்கள் இளம் பெண்கள், திருமணமாகாதவர்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டவை தங்கும் விடுதியும் பஸ்ஸும். அவை கிடைத்தன. தோட்டம் குடும்பத்தோடு ஆளெடுத்ததால் பிள்ளையையும் கணக்கில் கொள்ள வேண்டியிருந்தது. தொழிற்சாலை தனியாளாக எடுத்ததால் பிள்ளை கணக்குக்குள் வரவே இல்லை. பிறகு அந்தப் பெண்களுக்குத் திருமணமாயிற்று, பிள்ளை பிறந்தது, தீவிலிருந்து வரும் பாலத்துக்கு இந்தப் பக்கம், பெருநிலத்தில் வீடு வாங்கினார்கள். ஷிஃப்டும் பஸ்ஸும் மட்டும் பழைய மாதிரியே ஓடிக்கொண்டிருக்கின்றன. தோட்டமாக இருந்த பத்து காவான் என்ற இடத்தில் இப்போது தொழிற்பேட்டை எழுந்திருக்கிறது.

இடையில் விழுந்த பள்ளத்தை நிரப்பியவர்கள் பாட்டிமார்கள். அடுக்குமாடி வீட்டில் பாட்டியும் இருந்தால் பிரச்சினை இல்லை. இப்போது பாட்டியே ஐம்பது வயதில் வேலைக்குப் போகிறார், அல்லது வேறு ஊரில் இருக்கிறார். மலேசியப் பெண்களின் தொழிலாளர் பங்கேற்பு விகிதம் 56 விழுக்காட்டை ஒட்டியும் ஆண்களுடையது 80 விழுக்காட்டுக்கு மேலும் இருக்கின்றன. வயது வாரியாகப் பார்த்தால் பெண்களின் பங்கேற்பு இருபதுகளின் பிற்பகுதியில் உச்சத்துக்குப் போய், அதன் பிறகு இறங்கிக்கொண்டே போகிறது. ஜப்பானிலும் கொரியாவிலும் பிள்ளை வளர்ந்த பிறகு பெண்கள் திரும்பி வரும் இரண்டாவது மேடு வரைபடத்தில் தெரியும். இங்கே அந்த மேடு இல்லை. வேலையை விட்டுப் போகிறவர்களில் பெரும்பாலோர் திரும்புவதில்லை.

அப்படி ஒருவர் போனால் என்ன ஆகிறது என்பதைக் குறைந்தபட்சச் சம்பளத்தை வைத்தே போட்டுப் பார்த்தேன். 1,700 ரிங்கிட் வாங்கும் தாய் ஐந்து ஆண்டு வீட்டில் இருந்தால் 1,02,000 ரிங்கிட் சம்பளம் இல்லை. சேமநிதியில் சேர்ந்திருக்க வேண்டிய 24,480 ரிங்கிட்டும் இல்லை. அந்தத் தொகைக்கு ஆண்டுக்கு 5 விழுக்காடு லாப ஈவு என்று வைத்தால் 25 ஆண்டில் சுமார் 83,000 ஆகியிருக்கும், 2023இல் 5.5 விழுக்காடும் 2024இல் 6.3 விழுக்காடும் ஈவு கொடுத்தார்கள் என்பதால் 5 என்பது கூடுதலான மதிப்பீடு அல்ல. முதுமையில் பிள்ளையின் கையை எதிர்பார்க்கும் எத்தனையோ அம்மாக்களின் வெறுமையான சேமநிதிக் கணக்கு, அந்தப் பிள்ளை தொட்டிலில் இருந்தபோதே வெறுமையாகிவிட்டது.

கட்டணம் ஏன் கட்டுப்படியாகவில்லை

பதிவு பெற்ற மையத்துக்குப் போக வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. சட்டம் விதிக்கும் விகிதத்தை வைத்துக் கணக்குப் போட்டால் பதில் கிடைக்கும். ஒரு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர் வேண்டும். ஒன்று முதல் மூன்று வயது வரை ஐந்து பிள்ளைக்கு ஒருவர், மூன்று முதல் நான்கு வயது வரை பத்துப் பிள்ளைக்கு ஒருவர். இவை நியாயமான விகிதங்கள். மூன்று கைக்குழந்தைக்கு மேல் ஒருவரால் பார்க்க முடியாது என்பது பிள்ளை வளர்த்த எவருக்கும் தெரியும். பராமரிப்பாளருக்கு 1,700 ரிங்கிட் சம்பளம் கொடுத்தால், முதலாளி செலுத்த வேண்டிய சேமநிதி, சொக்சோ (தொழிலாளர் சமூகக் காப்பீடு) எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 1,950 ரிங்கிட் ஆகிறது. கைக்குழந்தை ஒன்றுக்கு ஆளின் சம்பளம் மட்டும் 650 ரிங்கிட். இரண்டு வயதுப் பிள்ளைக்கு 390. மூன்றரை வயதுப் பிள்ளைக்கு 195. வாடகை, உணவு, மின்சாரம், தீயணைப்பு ஏற்பாடு, விளையாட்டுப் பொருள் எதுவும் இதில் சேரவில்லை.

அதே 1,700 ரிங்கிட் வாங்கும் தாயின் கையில் சேமநிதி பிடித்தம் போக ஏறக்குறைய 1,500தான் வரும். கைக்குழந்தைக்கு மையத்தில் கொடுத்துவிட்டால் பாதிச் சம்பளம் போய்விடும். கட்டணத்தைக் குறைத்தால் பராமரிப்பாளரின் கூலி குறையும். கூலி குறைந்தால் அவர் பேரங்காடிக்கு வேலைக்குப் போய்விடுவார். இந்த இரண்டு சுவருக்கும் இடையில் எந்தத் திறமையான நிர்வாகியாலும் கதவு போட முடியாது, மூன்றாவதாக ஒருவர் பணம் போட்டாலொழிய. இதைப் பெற்றோரின் அலட்சியம் என்றோ மைய நடத்துநரின் பேராசை என்றோ பேசுவதைக் கேட்கும்போது மனம் வலிக்கிறது.

பதிவு பெற்ற மையத்துக்கும் பாலர் பள்ளிக்கும் செலுத்தும் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 3,000 ரிங்கிட் வரை வருமான வரி விலக்கு உண்டு. நல்ல ஏற்பாடு. ஆனால் எங்கள் ஐந்து வீட்டில் வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் வாங்குபவர் ஒருவரும் இல்லை. வரியே இல்லாதவருக்கு விலக்கால் ஒரு காசும் வராது. இந்தியச் சமூக மேம்பாட்டுக்கான அரசாங்கப் பிரிவான மித்ரா வழியாகக் குறைந்த வருமானம் பெறும் இந்தியக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பாலர் பள்ளிக் கட்டண உதவி கிடைத்து வந்திருக்கிறது. அது நான்கு வயதுக்குப் பிறகு. அதற்கு முந்திய நான்கு ஆண்டு, தாய் வேலையை விடலாமா வேண்டாமா என்று தவிக்கும் அந்த நான்கு ஆண்டு, அப்படியே இருக்கிறது. நேரமும் பொருந்தவில்லை. அரசாங்கப் பாலர் வகுப்புகள் நான்கு மணி நேரத்தில் முடிகின்றன. 12 மணி நேர ஷிஃப்டில் இருப்பவர் நண்பகலில் பிள்ளையை அழைத்துவர முடியாது.

பார்த்துக்கொள்வதும் வளர்ப்பதும்

நவம்பரில் ஒரு நாள் ஆயாவின் வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கால் இன்னும் வீங்கியிருந்ததால் அவர் நாற்காலியில் இருந்தபடியே தட்டில் பச்சைப்பயறையும் கச்சானையும் (வேர்க்கடலையையும்) கலந்து கொட்டி, லாரி ஓட்டுநரின் மகனிடம் கொடுத்தார். பையன் இரண்டு கிண்ணத்தில் பிரித்துப் போட்டான். பிறகு கச்சானை இரண்டிரண்டாக அடுக்கச் சொன்னார். கடைசியில் ஒன்று மிஞ்சியது.

"ஆயா, இது மட்டும் தனியா இருக்கு."

"அப்ப அதுக்கு ஒரு ஜோடி தேடிக் குடு."

பையன் யோசித்தான். தட்டில் கிடந்த ஒரு பயறை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தான். ஆயா சிரித்து, "சின்னதா இருந்தா என்ன, தொணைக்குத் தொணதான்" என்றார்.

வகைப்படுத்தல், இணை சேர்த்தல், பெரிது சிறிது, ஒற்றை இரட்டை என்று பாலர் கல்விப் பாடத்திட்டத்தில் எழுதியிருப்பவை எல்லாம் அந்தத் தட்டில் இருந்தன. அதோடு, பேச்சுக்குப் பேச்சு கொடுக்கும் ஒரு பெரியவரும் இருந்தார். இந்த இரண்டாவதுதான் கைபேசியில் பாட்டுப் போட்டுப் பிள்ளையை உட்கார வைப்பதிலிருந்து இதை வேறுபடுத்துகிறது. ஏழு வயதில் முதலாம் ஆண்டுக்குப் போகும் பிள்ளை தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் ஒரே சமயத்தில் எழுதப் படிக்கத் தொடங்க வேண்டும். அதற்கு முன்பு வீட்டு மொழியில் கேட்கவும் கதை சொல்லவும் காரணம் கூறவும் பழகியிருந்தால் மூன்றும் அதன் மேல் நிற்கும்.

இதன் பொருளாதாரப் பலனை நீண்ட காலம் பின்தொடர்ந்து அளந்த ஆய்வுகளில் அதிகம் பேசப்படுவது அமெரிக்காவின் மிச்சிகனில், இப்சிலாண்டி நகரில் 1962 முதல் 1967 வரை நடந்த பெர்ரி பாலர் பள்ளித் திட்டம். ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 123 கறுப்பினப் பிள்ளைகள். 58 பேர் திட்டத்தில் சேர்க்கப்பட்டார்கள், 65 பேர் ஒப்பீட்டுக் குழு. காலையில் இரண்டரை மணி நேர வகுப்பு, வாரந்தோறும் ஆசிரியர் வீட்டுக்குப் போய்த் தாயோடு உட்காருவது, அவ்வளவுதான். அந்தப் பிள்ளைகள் நாற்பது வயதானபோது பார்த்ததில், திட்டத்தில் இருந்தவர்களில் வேலையில் இருப்பவர்கள் கூடுதல், சம்பளம் கூடுதல், கைதானவர்கள் குறைவு. 2000ஆம் ஆண்டில் பொருளாதார நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் ஹெக்மனும் அவருடைய குழுவினரும் 2010இல் வெளியிட்ட கணக்கின்படி, போட்ட பணத்துக்கு ஆண்டுக்கு 7 முதல் 10 விழுக்காடு வரை சமூகத்துக்குப் பலன் திரும்பியது. 123 பேர் சிறிய எண்ணிக்கை என்பதையும், அந்த ஆசிரியர்கள் நல்ல பயிற்சி பெற்றவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கனடாவின் கியூபெக் மாநிலம் எனக்கு இதைவிடப் பயனுள்ள பாடமாகத் தெரிகிறது. 1997இல் அங்கே நாளுக்கு ஐந்து டாலர் கட்டணத்தில் குழந்தைப் பராமரிப்பைத் தொடங்கினார்கள். வேலைக்குப் போகும் தாய்மார்களின் விகிதம் தெளிவாக உயர்ந்தது. ஆனால் பொருளாதார அறிஞர்கள் மூவர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், அந்தப் பிள்ளைகளிடம் பதற்றமும் முரட்டுத்தனமும் கூடியிருப்பதாகக் கண்டார்கள். இடம் வேகமாகப் பெருகியது, தரம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. தாயை வேலைக்கு அனுப்புவதும் பிள்ளையை வளர்ப்பதும் இரண்டு வெவ்வேறு பலன்கள். முதலாவதைக் கொடுக்கும் ஏற்பாடு இரண்டாவதைத் தானாகக் கொடுத்துவிடாது. ஆயாக் கொட்டகை முதலாவதை மட்டும்தான் கொடுத்தது. ஆயாவின் தட்டில் இரண்டாவது இருக்கிறது, ஆனால் ஆறு பிள்ளைகளோடு 13 மணி நேரம் நிற்கும் ஒருவரால் எல்லா நாளும் அந்தத் தட்டை எடுக்க முடியாது. பல நாள் அவர் தொலைக்காட்சியைத்தான் போட்டுவிடுகிறார். அதை அவரே என்னிடம் சொன்னார்.

அதன் பிறகு

வேலை போன துப்புரவுத் தொழிலாளி இப்போது ஆயாவுக்கு உதவியாளர். இருவரும் பராமரிப்பாளருக்குக் கட்டாயமான அடிப்படைப் பயிற்சியை முடித்துவிட்டார்கள். பத்துக்குக் குறைவான பிள்ளைகளைக் கொண்ட வீட்டுப் பராமரிப்பு மையமாகப் பதிவு செய்யும் வேலையில் சங்கமும் கூட நிற்கிறது. தீயணைப்புக் கருவி வாங்கியாயிற்று, சன்னலுக்குக் கம்பி போட்டாயிற்று, இருவரும் டைபாய்டு தடுப்பூசியும் போட்டுக்கொண்டார்கள். பிள்ளைகள் இப்போது ஒன்பது பேர். கைக்குழந்தைகள் இரண்டு, ஒன்று முதல் மூன்று வயதுக்குள் நான்கு, மூன்றைக் கடந்தவர்கள் மூன்று என்று சட்ட விகிதத்துக்குள் நிற்கிறது. வாரம் ஒரு நாள், ஐந்தாவது வீட்டு உதவி ஆசிரியை வந்து அடுத்த வாரத்துக்கான விளையாட்டுகளையும் கதைகளையும் இருவருக்கும் சொல்லிக்கொடுக்கிறார். அதற்குப் பதிலாக அவருடைய பிள்ளைக்குக் கட்டணத்தில் குறைக்கச் சொன்னேன், அவர் வேண்டாம் என்றுவிட்டார். பதினொரு வயதுப் பெண் பள்ளிக்கு ஒழுங்காகப் போகிறாள்.

கணக்கு மட்டும் சரியாகவில்லை. கட்டணத்தைப் பெற்றோர் கூடிப் பேசி 430 ரிங்கிட்டாக உயர்த்தினார்கள். அதற்கு மேல் இரண்டு வீடுகளால் முடியாது. ஒன்பது பிள்ளைக்கு 3,870 ரிங்கிட் வருகிறது. இருவருக்கும் குறைந்தபட்சச் சம்பள அளவிலாவது கொடுத்து, சேமநிதியும் சொக்சோவும் கட்டினால் 3,900. உணவுக்கும் மற்றதற்கும் 800. மாதம் 830 ரிங்கிட் பற்றாக்குறை. கோவில் நிர்வாகம் 300 ரிங்கிட் தர ஒப்புக்கொண்டு, இரண்டு மாதமாகத் தந்து வருகிறது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு, அங்கே வேலை செய்யும் தாயின் பெயரில் சங்கம் ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறது. பிள்ளைப் பராமரிப்புப் படி ஒன்றைத் தொழிலாளர்களுக்குக் கொடுப்பது பற்றி யோசிக்குமாறு கேட்டிருக்கிறோம். பதில் வரவில்லை.

மீதி 530 ரிங்கிட்டை இரண்டு பெண்களும் தங்கள் சம்பளத்தில் ஆளுக்கு 265 குறைத்துக்கொண்டு ஈடு செய்கிறார்கள். மாதக் கடைசியில் கணக்குப் புத்தகத்தில் அதைச் சம்பளக் குறைப்பு என்று எழுத எனக்குக் கை வரவில்லை. வரவுப் பக்கத்தில், கோவில் நன்கொடைக்குக் கீழே, 'ஆயாக்கள் தந்தது: 530' என்று எழுதி வருகிறேன்.